உஷார்! 'சி' சர்டிபிகேட் இருந்தால் ஆபீசர் சீட் நிச்சயமா?

'காலேஜ் முடித்ததும் ராணுவ அதிகாரி ஆகலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. மாதம் 56,100 ரூபாயுடன் பயிற்சி. என்.சி.சி. போதும். உடனே அணுகவும்.'

கல்லூரி அட்மிஷன் சமயத்தில் இந்த மாதிரி வாசகம் பஸ் ஸ்டாண்ட் சுவரிலோ வீட்டு வாட்ஸ்அப் குழுவிலோ கண்ணில் படாமல் போகாது. இதில் 'என்.சி.சி. போதும்' என்கிற இரண்டே சொல்தான் பொய். மற்ற வரிகள் எல்லாம் ஏறக்குறைய உண்மை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. முழுப் பொய் என்றால் நாமே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். சில உண்மைகளுக்கு நடுவே செருகிய பொய்யை நம்பித்தான் நகையை அடகு வைக்கிறார்கள்.

2024 தீபாவளிக்கு மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையான 'அமரன்' படம் வந்த பிறகு, 'முகுந்த் சார் மாதிரி ஆகணும்' என்று சொல்லும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல ஆசை. மேஜர் முகுந்த் வரதராஜன் பயிற்சி எடுத்தது நம் பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. என்னும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான். இலங்கையில் 1987-ல் உயிர் நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரனும் அங்கே பயின்றவர்தான். அணிவகுப்பு மைதானத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆசையில் தவறே இல்லை. அந்த ஆசையை வைத்துக் கடை விரிப்பவர்களைப் பற்றித்தான் இந்த எச்சரிக்கை.

முதலில் என்.சி.சி. என்றால் என்ன, எதுவரை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான தேசிய மாணவர் படை இது. கல்லூரி மாணவர்களுக்கு சீனியர் டிவிஷன், மாணவிகளுக்கு சீனியர் விங். சீனப் போருக்கு அடுத்த வருடம், 1963-ல் கட்டாயமாக்கினார்கள். 1968-ல் விருப்பம் இருந்தால் சேரலாம் என்று மாற்றினார்கள். கேடட்டாக இருக்கிறார் என்பதற்காக யாரையும் போர்முனைப் பணிக்கு அழைக்க முடியாது, சட்டமே அப்படித்தான். அதே மாதிரி, கேடட்டாக இருந்தார் என்பதற்காக யாருக்கும் ராணுவம் வேலை தரக் கடமைப்பட்டதும் இல்லை. முதல் பாதியை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியைத்தான் சொல்ல ஆளில்லை.

கல்லூரி மைதானத்தில் பரேடு நடக்கும் காலையில் போய்ப் பாருங்கள். 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று இந்தியில் குரல் கேட்கும். முந்தின இரவு பிராசோ போட்டுத் தேய்த்த பெல்ட் பக்கிள் வெயிலில் மின்னும். பெரே தொப்பியில் சிவப்புக் குஞ்சம். பரேடு முடிந்ததும் டிபன் வாங்க வரிசை. மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பையன் தோளில் 'சீனியர் அண்டர் ஆபீசர்' பட்டையோடு கம்பெனியை நடத்திக்கொண்டிருப்பான். கேட்கவே மிடுக்கான பட்டம்! அம்மா அதை போட்டோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்பி 'எங்க பையன் ஆபீசர்' என்பார். பெருமைப்படட்டும். ஆனால் அது மாணவர்களுக்குள் கொடுக்கும் பொறுப்பு. கல்லூரி முடிந்த அன்று கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

அப்படியென்றால் 'எழுத்துத் தேர்வு கிடையாது' என்பது? அது உண்மை. 'என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி' என்று ராணுவம் வருடத்துக்கு இரண்டு முறை அறிவிப்பு வெளியிடுகிறது. வயது 19 முதல் 25. பட்டப்படிப்பில் மொத்தம் 50 சதவீத மதிப்பெண். என்.சி.சி.யின் 'சி' சர்டிபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடு. போரில் உயிர் நீத்த, காயமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. இந்த வழியில் விண்ணப்பிப்பவர்கள் யூ.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வை எழுதாமலே, விண்ணப்பங்களை வடிகட்டிய பிறகு, நேராக எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். சலுகை என்பது இவ்வளவுதான். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி.யைத் தாண்ட வேண்டும், ராணுவ மருத்துவமனைப் பரிசோதனையைத் தாண்ட வேண்டும், அதற்கும் மேல் மெரிட் லிஸ்ட்டில் பெயர் வர வேண்டும். ஒரு பேட்ச்சுக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்களுக்கு 50 முதல் 70 இடம்; பெண்களுக்கு ஒற்றை இலக்கத்தில்தான். எஸ்.எஸ்.பி.யிலும் தேறி, மருத்துவத்திலும் தேறி, மெரிட் லிஸ்ட்டில் இடம் கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. சுவரில் போஸ்டர் ஒட்டுபவர் இதைச் சொல்லமாட்டார்.

சி.டி.எஸ். எழுதிப் போகிறவர்களுக்கும் 'சி' சர்டிபிகேட் கைகொடுக்கும். டேராடூன் ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வின் 100 இடத்தில் 13 இடம் ராணுவப் பிரிவு 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு. கடற்படை, விமானப்படைப் பிரிவு கேடட்டுகளுக்கும் எழிமலை, ஐதராபாத் அகாடமிகளில் இதே மாதிரி சில இடங்கள். அங்கே எழுத்துத் தேர்வு உண்டு. கட்டணம் 200 ரூபாய்தான். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. ஸ்பெஷல் என்ட்ரி விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். இந்தக் கணக்கில்தான் பல பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். 2026-ல் பி.எஸ்ஸி. முதலாமாண்டு சேரும் மாணவரை எடுத்துக்கொள்வோம். சேர்ந்த கையோடு என்.சி.சி.யில் பெயர் பதிய வேண்டும். 'இந்த வருஷம் படிப்பைப் பார்ப்போம், அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்' என்று விட்டால் மூன்று வருடப் படிப்பில் 'சி' வரை போக நாள் போதாது. இரண்டாம் வருட முடிவில் 'பி' தேர்வு, மூன்றாம் வருட முடிவில், அதாவது 2029 பிப்ரவரி, மார்ச் வாக்கில் 'சி' தேர்வு. பரேடுக்கு 75 சதவீத வருகை வேண்டும். 'பி'க்கு ஒரு முகாம், 'சி'க்கு இரண்டு முகாம் முடித்திருக்க வேண்டும். ஸ்பெஷல் என்ட்ரியில் விண்ணப்பிக்கும் நாளில் 'சி' சர்டிபிகேட் கையில் இல்லாவிட்டால் விண்ணப்பிக்கவே தகுதி இல்லை என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். டிகிரி கடைசி வருடம் படிப்பவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் சான்றிதழுக்கு அந்தத் தளர்வு கிடையாது. ஆகவே 2029 நடுவில்தான் இந்த மாணவரால் விண்ணப்பிக்க முடியும். பிறகு எஸ்.எஸ்.பி., மருத்துவம், மெரிட் லிஸ்ட். எல்லாம் கூடி வந்தால் 2030 ஏப்ரலில் பரங்கிமலை. 49 வாரப் பயிற்சி முடிந்து லெப்டினன்ட்டாக இரண்டு நட்சத்திரம் தோளில் ஏறும்போது 2031 மார்ச் ஆகியிருக்கும். கல்லூரியில் கால் வைத்ததிலிருந்து ஏறக்குறைய ஐந்து வருடம். 'ஆறே மாதத்தில் ஆபீசர்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். நான்கு வருடப் படிப்பான பொறியியல் மாணவருக்கு மட்டும் ஒரு வருடம் கையில் மிச்சம். மூன்றாம் வருட முடிவிலேயே 'சி' எழுதிவிட்டால் கடைசி வருடத்தில் விண்ணப்பிக்கலாம்.

அரியர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகாமுக்குப் பத்து நாள் போனால் வருகைப் பதிவுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்கும், வகுப்பில் போன பாடம் திரும்பி வராது. 'சி' சர்டிபிகேட்டில் 'ஏ' கிரேடு வாங்கிவிட்டு, ஒரு பேப்பர் அரியரால் டிகிரியைக் குறித்த தேதிக்குள் காட்ட முடியாமல் போனால் எஸ்.எஸ்.பி.யில் தேறியிருந்தாலும் பயன் இல்லை. டிகிரியில் 49 சதவீதம் வாங்கினாலும் அதே கதிதான்.

இனி சொல்லப்போவதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். போலி என்.சி.சி.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைப் பள்ளி வளாகத்திலேயே இரவு தங்க வைத்தார்கள். நடத்தியவர் என்.சி.சி. பயிற்சியாளரே இல்லை. ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வேறு பல மாணவிகளிடமும் அத்துமீறல் நடந்திருப்பது விசாரணையில் வெளிவந்தது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே இல்லை, அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்.சி.சி. தரப்பு அறிவித்தது. வேறு பள்ளிகளிலும் அதே ஆள் இப்படி முகாம் நடத்தியது பிறகு தெரிந்தது. பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே இறந்துபோனார்.

அது பள்ளி, இது கல்லூரி என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். முதலாமாண்டு சேரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் 17 வயதுதான் ஆகியிருக்கும். சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை; போக்சோ அவளுக்கும் பொருந்தும். என்னைக் கேட்டால், அந்தப் பள்ளிக்குள் நுழைந்த ஆளைவிட, ஒரு காகிதம்கூட கேட்காமல் வாசலைத் திறந்துவிட்ட நிர்வாகத்தின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். காக்கி, தொப்பி, விசில், நாலு இந்திக் கட்டளை. இதைப் பார்த்ததும் நம் ஊரில் கேள்வி கேட்கிற வாய் அடைத்துப்போகிறது.

உண்மையான என்.சி.சி.யைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கல்லூரியில் பொறுப்பாக இருப்பவர் ஏ.என்.ஓ. எனப்படும் அசோசியேட் என்.சி.சி. ஆபீசர். அவர் வெளியாள் அல்ல, அதே கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியர்தான். தனிப் பயிற்சிக்குப் போய்வந்து பொறுப்பேற்றவர். டிரில் சொல்லிக்கொடுக்க வரும் ஹவில்தார் போன்ற பி.ஐ. ஸ்டாஃப், பட்டாலியனிலிருந்து அனுப்பப்படும் ராணுவத்தினர். பட்டாலியனுக்குக் கர்னல் நிலையில் ஒரு கமாண்டிங் ஆபீசர் இருப்பார். அதற்கு மேல் சென்னையில் இரண்டு, கோவை, மதுரை, திருச்சி, புதுச்சேரி என்று குரூப் தலைமையகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே சென்னையில் இயக்குநரகம். பிள்ளை சேர்ந்ததும் ரெஜிமென்டல் நம்பர் ஒன்று வரும். அந்த எண் வரவில்லையா? உங்கள் பிள்ளை என்.சி.சி.யில் இல்லை. அவ்வளவுதான்.

முகாம் என்றால் எந்தப் பட்டாலியன், எந்த இடம், எத்தனை நாள், கேம்ப் கமாண்டன்ட் யார் என்று எழுத்தில் உத்தரவு இருக்கும். பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்பார்கள். மாணவிகளோடு பெண் ஏ.என்.ஓ.வோ பொறுப்பான பெண் ஆசிரியையோ போவார். உங்கள் பெண்ணை வழியனுப்பும் முன் அந்த அம்மாவின் போன் நம்பரை வாங்குங்கள், உடனே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். 'ரொம்பத்தான் சந்தேகப்படுறீங்க' என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

பணம் விஷயத்தில் ஒரு நெளிவு இருக்கிறது. வழக்கமான என்.சி.சி.யில் சீருடை, பயிற்சி, முகாம் சாப்பாடு எல்லாம் அரசு செலவு. ஆனால் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் கல்லூரிகளுக்கு முழு சுயநிதித் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் செலவைக் கல்லூரி தரப்பு ஏற்க வேண்டும், மாணவரிடம் அது வந்து விடியவும் வாய்ப்பு உண்டு. எனவே பணம் கேட்டாலே போலி என்று சொல்லிவிட முடியாது. அங்கேயும் பட்டாலியன் பதிவு உண்டு, ரெஜிமென்டல் நம்பர் உண்டு, கல்லூரி ரசீது உண்டு. தனிநபரின் ஜி-பே நம்பருக்குக் கட்டச் சொன்னால் மட்டும் அங்கேயே நில்லுங்கள்.

இன்னொரு ரகமும் கிளம்பியிருக்கிறது. பெயரில் 'கேடட்', 'டிஃபென்ஸ்', 'நேஷனல்' எல்லாம் இருக்கும், என்.சி.சி. மட்டும் இருக்காது. சனி, ஞாயிறு பயிற்சி கொடுத்து, கோட்டு சூட்டு போட்ட ஒருவர் கையால் 'ஏ', 'பி', 'சி' என்று சான்றிதழும் தருவார்கள். உடற்பயிற்சிக்காகப் போவதென்றால் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தத் தாளை ஸ்பெஷல் என்ட்ரிக்கு நீட்டினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ராணுவத்தில் இல்லாத ஒருவர் ராணுவச் சீருடை போட்டுக்கொண்டு தன்னை ராணுவத்தார் என்று நம்ப வைப்பது பாரதிய நியாய சம்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி குற்றம். பயிற்சி நிலையத்தின் யூடியூப் சேனலில் கனமான மீசையோடு மெடல் மாட்டிக்கொண்டு பேசுகிறவரெல்லாம் முன்னாள் அதிகாரி என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தவர் புரோக்கர். இவர் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"சார், தம்பி 'சி' முடிச்சிருச்சா? என்ன கிரேடு?"

"'பி' கிரேடுங்க."

"போதும் சார். எஸ்.எஸ்.பி.யில நம்ம ஆளு இருக்காரு. மெடிக்கலும் நான் பார்த்துக்கறேன். ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுங்க. செலக்ட் ஆகலேன்னா ஒரு பைசா குறையாம திருப்பித் தர்றேன். வேணும்னா எழுதியே தர்றேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அப்பா விழுந்துவிடுவார். 'திருப்பித் தர்றேன்னு எழுதியே குடுக்கறாரே, ஏமாத்துறவன் எழுதிக் குடுப்பானா' என்று வீட்டில் வாதம் நடக்கும். சூட்சுமமே அதுதான். இந்த ஆசாமிக்கு எஸ்.எஸ்.பி.யில் யாரையும் தெரியாது. இருபது பேரிடம் பணம் வாங்கி வைத்துக்கொள்கிறார். இருபது பேரில் ஒருவரோ இருவரோ தங்கள் சொந்தத் திறமையால் தேறிவிடுவார்கள். அவர்கள் பணம் இவருக்கு. மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு 'நாணயமானவர்' என்ற பெயரையும் எடுத்துக்கொள்வார். இது நல்ல புரோக்கர் கதை! மோசமான புரோக்கர் போன் நம்பரை மாற்றிவிடுவார். போலீஸுக்குப் போகலாமா என்று யோசித்தால், லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். நம்மவர்கள் ஏழு மாதம் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்றே காத்திருப்பார்கள்.

'எஸ்.எஸ்.பி. முழுக்கச் சுத்தம், அங்கே காசு நுழையவே முடியாது' என்று நான் சத்தியம் செய்யவில்லை. 2021 மார்ச்சில் கபுர்தலா எஸ்.எஸ்.பி. சம்பந்தமாக, மருத்துவப் பரிசோதனையில் சறுக்கியவர்களைத் தேற்றிவிட லஞ்சம் வாங்கினார்கள் என்ற புகாரில் ராணுவத்தினர் 17 பேர் உட்பட 23 பேர் மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டது. புகாரைக் கொடுத்ததே ராணுவத் தலைமைதான். வழக்கில் மாட்டினால் அதிகாரிக்குச் சம்பளம் போகும். உங்கள் பிள்ளைக்கு, எந்த அரசு வேலைக்குப் போனாலும் போலீஸ் வெரிஃபிகேஷனில் எழுத வேண்டிய ஒரு எஃப்.ஐ.ஆர். வந்து சேரும்.

ஆனாலும் காசு கொடுத்து எஸ்.எஸ்.பி.யைக் கடப்பது அவ்வளவு சுலபமில்லாததற்கு அதன் அமைப்பே காரணம். சைக்காலஜிஸ்ட், குழுத் தேர்வு நடத்தும் ஜி.டி.ஓ., இன்டர்வியூ ஆபீசர் என்று மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். ஐந்தாம் நாள் கான்ஃபரன்ஸில்தான் மூவரும் ஒன்றாக உட்காருவார்கள். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பெரும்பாலானவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்: ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டி, நாலே நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாக விவாதிக்கச் சொல்வார்கள். சட்டையில் செஸ்ட் நம்பர். அங்கே உங்கள் பெயருக்கு வேலையில்லை, எண்தான். மதியம் எண்களை வாசிப்பார்கள். வாசிக்காத எண்கள் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். தங்கியவர்களுக்கு மறுநாள் வார்த்தைத் தேர்வு: 60 வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. அதன் பின் 60 சூழ்நிலைகளுக்கு அரை மணி நேரத்தில் பதில். யோசித்து நடிக்க நேரமே தரமாட்டார்கள்.

இதற்குத்தான் சில பயிற்சி நிலையங்கள் ரெடிமேட் கதைகளை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. படத்தில் யார் இருந்தாலும் அவர் பெயர் 'ரவி'; கிராமத்துக்கு நூலகம் கட்டுவார், ரத்ததான முகாம் நடத்துவார், கலெக்டரிடம் விருது வாங்குவார். ஒரே பேட்ச்சில் ஆறு ரவிகள் நூலகம் கட்டினால் படிக்கிற சைக்காலஜிஸ்ட்டுக்குத் தெரியாதா? கோச்சிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழுவில் பேசப் பழகவும், ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசவும், தடைகளைத் தாண்டிப் பழகவும் உதவினால் நல்லதுதான். 'நூறு சதவீத உத்தரவாதம்' என்று போர்டு மாட்டிய இடத்தில் மட்டும் படியேறாதீர்கள். எஸ்.எஸ்.பி. போர்டில் தங்க, சாப்பிடக் காசு இல்லை. முதல் தடவை வருபவருக்கு ரயில் கட்டணத்தை அவர்களே தருவார்கள். 'கால் லெட்டர் பதிவுக் கட்டணம்', 'மெடிக்கல் ஃபைல் சார்ஜ்' என்று மெயில் வந்தால் மோசடி என்பதில் சந்தேகமே வேண்டாம். உண்மையான தகவல் ராணுவத்தின் 'ஜாயின் இண்டியன் ஆர்மி' இணையதளத்தில் உங்கள் லாகினில்தான் வரும். முகவரி 'நிக்.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு எழுத்து கூடியிருந்தாலும் கை வைக்காதீர்கள்.

தேர்வாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். கையெழுத்துப் போடும் காகிதங்களைப் படியுங்கள். எஸ்.எஸ்.பி.யில் அடிபட்டால் இழப்பீடு கேட்கமாட்டேன் என்ற ரிஸ்க் படிவத்தில் ஆரம்பித்து, அகாடமியில் பாண்டு வரை எத்தனையோ தாள்கள். பயிற்சியைப் பாதியில் சொந்தக் காரணத்துக்காக விட்டால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பித்த பிறகு கல்யாணம் செய்துகொண்டால் எஸ்.எஸ்.பி.யில் தேறியிருந்தாலும் எடுக்கமாட்டார்கள். பயிற்சியின் நடுவில் செய்துகொண்டால் வெளியே அனுப்பி, செலவையும் வசூலிப்பார்கள். பெண் கேடட் வீடுகளில் 'நல்ல இடம் வந்திருக்கு, நிச்சயத்தோட கல்யாணத்தையும் முடிச்சிடலாமே' என்று பேச்செடுக்கும் பெரியம்மாக்கள் இதைக் கவனிக்கவும்.

அதைவிட முக்கியமானது, ஸ்பெஷல் என்ட்ரியில் கிடைப்பது ஷார்ட் சர்வீஸ் கமிஷன். பத்து வருடம், விரும்பினால், தகுதியும் இருந்தால் இன்னும் நான்கு வருடம். நிரந்தரப் பணிக்குத் தேர்வு செய்யப்படாவிட்டால் 32, 36 வயதில் வெளியே வர வேண்டியிருக்கும். பணிக்கொடை உண்டு, மாதப் பென்ஷன் இல்லை. 'ஆயுசுக்கும் கவலையில்லை, பென்ஷன் வேலை' என்று விற்பவர் அரைகுறையாகச் சொல்கிறார் அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

பயிற்சியில் பலத்த காயம் பட்டு, மருத்துவக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்ட பயிற்சி அதிகாரிகளின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. கமிஷன் பெறும் முன்பே வெளியேறியதால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்கூட கருணைத்தொகையை நம்பி வாழ்கிறார்கள். விசாரணைக்குப் பிறகே அவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தைத் திறந்துவிட்டார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பாண்டில் கையெழுத்துப் போடும் அப்பாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பு விஷயத்தில் இரண்டே சங்கதி. ஒன்று, தட்டைப் பாதம், முட்டி இடிப்பது, நிறம் பிரித்தறிவதில் குறை, மூக்குத்தண்டு வளைவு. இவற்றை 'சி' சர்டிபிகேட் வாங்கி மூன்று வருடம் கழித்துக் கண்டுபிடிப்பதைவிட, முதலாமாண்டிலேயே ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றைச் சரிசெய்ய முடியும், சிலவற்றை முடியாது. அடுத்தது டாட்டூ. முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் இருப்பதைத்தான் அனுமதிக்கிறார்கள். பழங்குடியினருக்கு மட்டும் மரபை ஒட்டித் தளர்வு உண்டு. காலேஜ் டூரில் கழுத்தில் காதலியின் பெயரைக் குத்திக்கொண்ட தம்பி, நீ ஆபீசர் ஆகும் ஆசையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாய்.

இவ்வளவும் படித்த பிறகும் உங்கள் பிள்ளையை என்.சி.சி.யில் சேர்க்கலாமா என்று கேட்டால், தாராளமாகச் சேருங்கள் என்பேன். அதிகாரி ஆகாவிட்டாலும் அதிகாலையில் எழவும், பத்துப் பேரை நடத்தவும், ஒரு ரயிலில் தனியாக ஏறி முன்பின் தெரியாத ஊருக்குப் போய்வரவும் கற்றுக்கொள்வார்கள். கூடவே சி.டி.எஸ்.ஸும் எழுதட்டும், கேம்பஸ் இன்டர்வியூவிலும் உட்காரட்டும். ஒரே கதவின் முன்னால் காத்திருக்கிற பிள்ளையைத்தான் புரோக்கர் தேடிப் பிடிக்கிறார்.

கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே ஏ.என்.ஓ.வை நேரில் பார்த்து, எந்தப் பட்டாலியன் என்று கேட்டு, அந்த அலுவலகத்துக்கே ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ராணுவ வேலை வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும், அவர் சீருடையிலேயே இருந்தாலும், போலீஸில் சொல்லுங்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930. முகாமில் 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் 1098, பெண்களுக்கு 181. ஸ்பெஷல் என்ட்ரிக்கு விண்ணப்பக் கட்டணம் பூஜ்யம் ரூபாய் என்பதை வீட்டில் எல்லாருக்கும் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.